மூன்று தடவை போன் செய்தார்

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு வேலைக்கும் போகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. படிக்கிறவனுக்குப் பசி தெரியாது என்று சும்மா இருக்காதே.

உன் கடிதத்தை லாரிக்காரர் நேற்று கொடுத்தார். தபாலில் போடாமல் அவரிடம் கொடுத்தது நல்லது. எதிர் வீட்டுக்கு வந்த வாழ்த்து அட்டையைக்கூடப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். பசை காயவே இல்லை. "உங்க தம்பி கடிதம் கனமா இருக்கு, லோடோட சேர்த்து எடை போடணும்போல" என்று சொல்லிச் சிரித்தார் லாரிக்காரர். மாதம் இரண்டு நடை எல்லையைத் தாண்டுகிறாராம். தைரியசாலி.

அத்தானின் அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று நான் வருத்தப்படவில்லை. உன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று உன் அத்தானுக்கும் தெரியும். வந்திருந்தாலும் பார்க்க ஒன்றும் இல்லை. ஏழு பேருக்கும் ஏழு பெட்டி, ஆணி அடித்துக் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். எது அவர் என்று ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ கேட்டதைச் செய்கிறேன். எந்த மாதிரி அரசாங்கம் எப்படிக் கதை கட்டிவிடுகிறது, ஜனங்கள் அதை எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்றுதானே நீ புத்தகம் எழுதுகிறாய். ஆலை பாய்லர் வெடித்ததைப் பற்றி இங்கே பேசுவதைச் சொன்னது சொன்னபடி எழுதச் சொல்லியிருக்கிறாய். அஞ்சாம் வகுப்பு படித்தவள் எழுதினால் பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

ஒன்று. ரேடியோ, வெடித்த மறுநாள் காலை. "இது விபத்து அல்ல. ஆலைக்குள் இருந்த ஒருவன் வெளிநாட்டுக் கைக்கூலிகளுக்குக் கதவு திறந்துவிட்டான்." பெயர் சொல்லவில்லை. பாய்லர் அறைச் சாவி உன் அத்தானிடம்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.

இரண்டு. எங்கள் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். "பாய்லர்காரர் சாகலையாம், பின்பக்கமா ஓடிட்டாராம், பெட்டியில இருக்கிறது மணலாம்." யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவள் அண்ணி. அண்ணிக்கு யார்? பஸ்ஸில் கேட்டதாம். நான் யார் என்று தெரியாமல் சொல்கிறாள் என்று நினைக்காதே. தெரிந்துதான் சொல்கிறாள்.

மூன்று. ரேஷன் மாவு வரிசையில் வெண்கலத் தொண்டை. அவள் பேசினால் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும், அதனால் அந்தப் பெயர். "ஆலைக்கு அடியில வெடிமருந்து வெச்சிருந்தாங்களாம்." எங்கே கேட்டாள் என்றால், "எல்லாரும் சொல்றாங்க" என்கிறாள்.

ஆலைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி என் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் வரைக்கும்தான். செத்துப்போன மற்ற ஆறு பேர் வீட்டுக் கதவிலும் ஒன்றும் ஒட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர், இருமல் கொஞ்சம் உண்டு, பெரிதாக ஒன்றுமில்லை. உன் கையெழுத்து இன்னும் எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கிறது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

இப்படி ஒரு நேரத்தில் உன்னிடம் இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நீ அனுப்பியதைப் போல இங்கே ஒருவரிடமும் இல்லை. நாங்கள் ரேடியோவையும் செய்தித்தாளையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். நீ அண்ணி, பஸ், வரிசை என்று எழுதியிருக்கிறாய். நாள், நேரம், இடம், சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார், இந்த ஐந்தையும் விட்டுவிடாதே. நீ என்ன நினைக்கிறாய் என்பதை மட்டும் சேர்க்காதே.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அடிக்க ஒரு மணி உண்டு என்று அத்தான் ஒருமுறை எனக்கு விளக்கியிருக்கிறார். அன்று அந்த மணி அடித்ததா? யாராவது அதைப் பற்றிப் பேசுகிறார்களா?

வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் எங்கே போவாய்? எழுது.

உன் தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. நான் சுகம்.

நான்கு. பஸ் நிறுத்தம், திங்கட்கிழமை மாலை. டிக்கெட் கொடுக்கிறவர் டிரைவரிடம் சொன்னது. "பாய்லர்காரனுக்கு வெளிநாட்டுல ஒரு மச்சினன் இருக்கானாம், அவன் மூலமாத்தான் எல்லாம் நடந்துச்சாம்." அந்த மச்சினன் நீதான். இறங்கி நடந்து வந்துவிட்டேன்.

ஐந்து. மாவு வரிசை, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். ஒரு பொம்பளை சொன்னாள். "அன்னைக்கு பாய்லர்காரர் மேனேஜருக்கு மூணு தடவை போன் பண்ணார். தண்ணி குறையுது, நிறுத்தணும்னார். மேனேஜர் மூணு தடவையும் நிறுத்தக் கூடாதுன்னுட்டார். அவர் ஓடிப்போகாம அங்கேயே நின்னார்." யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஆறு. அதே நாள் மத்தியானம், சலவைக் கூடம். இதே கதை, இஸ்திரிக்காரி வாயால். அவளுக்குச் சொன்னது வெண்கலத் தொண்டை.

வேறு ஒன்றும் இல்லை. துணி நிறைய வருகிறது, ஆஸ்பத்திரியில் காய்ச்சல் சீசன். கைத் தோல் உரிகிறது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். லாரிக்காரர் நாளைக்கே கிளம்புகிறார். அவருக்கு இடுப்புப் பிடிப்பு, நீ இருக்கும் ஊரில் நல்ல தைலம் கிடைத்தால் வாங்கிக் கொடு.

மூன்று தடவை போன் செய்த கதை இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. ஏழாவது, எட்டாவது என்று எண் போட்டேன், பதினாலுக்கு மேல் விட்டுவிட்டேன். எல்லாம் ஒன்றேதான். ஆலையில் வேலை செய்கிறவர்கள் அவரைத் துரோகி என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறார்கள். "ரேடியோவை விட எங்களுக்கு அந்த மனுஷனைத் தெரியும்" என்று நூல் பிரிவில் ஒருவர் சத்தம் போட்டாராம்.

போன வாரம் ரேடியோவில் கைக்கூலி பேச்சு நின்றுவிட்டது. என் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை அதே ஆள் வந்து கிழித்துக்கொண்டு போனார். "இருங்கம்மா, நீங்க எங்கேயும் போக வேண்டாம்" என்றார். ஆலை வாசலில் உன் அத்தான் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். கீழே "கடமை தவறாதவர்" என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். நான் வேலைக்குப் போக அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

சந்தோஷமா என்று கேட்காதே. அவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. அது போதும்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கைத் தோலுக்குக் களிம்பு ஒன்றும், லாரிக்காரருக்குத் தைலமும் அனுப்பியிருக்கிறேன். மாற்றித் தேய்த்துவிடாதீர்கள்.

உன் கடிதங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு நாள், நேரம் பார்த்து அடுக்கினேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஜனங்கள் தாங்களாகப் பேசும் கதையில் எண்ணிக்கை நிலையாக இருக்காது. ஒருவர் இரண்டு என்பார், அடுத்தவர் ஐந்து என்பார், நாலாவது ஆள் நாள் முழுக்க என்பார். இந்தக் கதையில் ஐந்திலிருந்து பதினாலு வரை எல்லா வாயிலும் "மூணு தடவை"தான். இது ஒரே இடத்தில் எழுதிக் கொடுத்துப் பேசவைத்த கதை. துரோகிக் கதை எடுபடவில்லை என்று தெரிந்ததும், அதே அரசாங்கப் பிரச்சார அலுவலகம் தியாகிக் கதையைக் கட்டி இறக்கியிருக்கிறது. நோட்டீஸைக் கிழித்த வேகத்தைப் பார், எல்லாம் தயாராக இருந்திருக்கிறது.

அத்தானைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. அவர் நல்லவர் என்பது வேறு, இந்தக் கதையைக் கட்டியது யார் என்பது வேறு. இதைப் பற்றி மூன்று ஊர்களில் பேசினேன். நல்ல வரவேற்பு. புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இதற்கு.

முக்கியமான விஷயம். வரிசையில் முதலில் அதைச் சொன்ன பெண் யார்? மற்ற எல்லாருக்கும் அடையாளம் எழுதியிருக்கிறாய், அவளுக்கு மட்டும் "ஒரு பொம்பளை" என்று விட்டிருக்கிறாய். அவள் அலுவலகத்து ஆளாக இருக்கலாம். அவளிடம் வாய் கொடுக்காதே. தெரிந்தவள் போலப் பழகுவாள், பரிதாபமாகப் பேசுவாள். ஜாக்கிரதையாக இரு.

உன் தம்பி


மே 10

அன்புத் தம்பிக்கு,

களிம்பு நன்றாக வேலை செய்கிறது.

மேனேஜரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ரேடியோ, வெள்ளிக்கிழமை இரவுச் செய்தி. "பாய்லர் ஊழியர் மூன்று முறை எச்சரித்தும், ஆலை மேலாளர் வெளிநாட்டு எஜமானர்களின் கட்டளைப்படி ஆலையை நிறுத்த மறுத்தார்." சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு எஜமானர் என்பது வரிசையில் யாரும் சொன்னது இல்லை.

விசாரணை நடக்குமாம். தூக்கு வரைக்கும் போகலாம் என்று பேசுகிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். படித்தவன், தெரிந்திருக்கும். ஒரு கதையை முதலில் சொன்ன ஆள், அது இல்லை என்று சொன்னால் நின்றுவிடுமா?

அந்தப் பொம்பளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்தது. உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

நீ கேட்டது நல்ல கேள்வி. நிற்காது. இப்படிப்பட்ட அரசாங்கங்கள் எல்லாவற்றையும் தாங்களே கட்டுவதில்லை. ஜனங்கள் வாயில் ஏற்கெனவே ஓடுகிற ஒன்றை எடுத்து, தங்களுக்கு வேண்டிய வாலை ஒட்டித் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. தாங்கள் சொன்னதையே ரேடியோவும் சொல்கிறது என்று ஜனங்களுக்குத் திருப்தி, வாலையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். அதன் பிறகு முதலில் சொன்னவர் வந்து இல்லை என்றால், அவரைத்தான் விலைக்கு வாங்கப்பட்டவர் என்பார்கள். இந்தக் கதையில் தலையும் வாலும் அவர்களுடையதே என்பது என் கணிப்பு.

செப்டம்பர் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. மேனேஜர் வீட்டில் யாரையாவது உனக்குத் தெரியுமா? ஆலை வாசலில் போன் ரெஜிஸ்டர் இருக்கும். அதில் அந்த மூன்று அழைப்புகள் இருக்கின்றனவா என்று தெரிந்தால் என் அத்தியாயம் முழுமையாகிவிடும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாக எழுதவில்லை. லாரிக்காரர் நாலு தடவை வந்து கேட்டுவிட்டு வெறும் கையோடு போனார். உடம்பு சரியில்லாமல் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். இதை உட்கார்ந்து முழுசாகப் படி.

ஜூன் மாதம் மேனேஜர் வீட்டம்மா என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நான் சண்டைக்கு வரலைங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளுங்க."

"எத்தனை மணிக்கு?"

"எது?"

"அந்த போன். மூணு தடவை பண்ணாராமே. கேட் ரெஜிஸ்டரை போலீஸ் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன். பாய்லர் ரூமிலிருந்து அன்னைக்கு ஒரு கால்கூட எழுதலை. எழுத விட்டுப்போயிருக்கலாம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அவர் ஜெயில்ல உக்காந்துக்கிட்டு ஒரு கால்கூட வரலைங்கறார். நான் தினமும் சாப்பாடு எடுத்துட்டுப் போறேன். உங்க வீட்டுக்காரர் கெஞ்சியும் நிறுத்தலைன்னா, ஏழு பேரைக் கொன்னவருக்குச் சோறு போட்டுட்டு இருக்கேன். எனக்குத் தெரியணும்ங்க. மத்தவங்க சொல்றதை வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். நீங்க சொன்னா நம்பறேன்."

நான் அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நேரம் ஞாபகம் இல்லைங்க. ஆனா பண்ணார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து ஜெயிலுக்குச் சாப்பாடு போகவில்லை. ஒரு வாரத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. "பெண்டாட்டியே கைவிட்டுட்டா, அப்புறம் என்ன, உண்மைதான்" என்று இஸ்திரிக்காரி சொன்னாள். வக்கீல்கூட விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

தம்பி, வரிசையில் அதைச் சொன்ன பொம்பளை நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு வெண்கலத் தொண்டை எனக்கு முன்னால் நின்றாள். உன்னைப் பற்றிய மச்சினன் கதையை முந்தின நாள்தான் கேட்டிருந்தேன். அவள் திரும்பி, "ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் நிஜமாவே ஓடிட்டாரா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் வாயில் அது வந்துவிட்டது. ஒரு தடவை என்றால் போதாது போல இருந்தது. இரண்டு என்றால் நானே யோசித்துச் சொல்வது போல இருந்தது. மூன்று என்றேன். அப்புறம் தினமும் வரிசைக்குப் போய் நின்றேன். யாராவது நாலு என்றால் "இல்லை, மூணு" என்று நானே திருத்தினேன். மாவு தேவையில்லாத நாளிலும் போனேன். எண்ணிக்கை மாறாததற்கு அதுதான் காரணம். அலுவலகம் இல்லை.

நீ மார்ச் மாதம் கேட்ட மணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மணி கெட்டுப்போய் அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் நிறைய இருக்கும்போதே ஷிப்டுக்குப் பத்துத் தடவை அடிக்கும். போன வருஷ ஆரம்பத்தில் மேனேஜரிடம் சொன்னார். "வர்ற மாசம் பார்க்கலாம்" என்றாராம். ஒரே ஒரு தடவை சொன்னார், அது உண்மை. அப்புறம் மணிக்கும் அதை அடிக்கிற சுத்திக்கும் நடுவில் துணியைத் திணித்துவிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வார். சோம்பேறித்தனம் இல்லை. அந்தச் சத்தத்தில் எட்டு மணி நேரம் யாராலும் இருக்க முடியாது.

அன்று காலை, "பழைய துணி நைஞ்சுபோச்சு, வேற குடு" என்று கேட்டார். என் பழைய பாவாடையில் கெட்டியான பக்கமாகப் பார்த்து நான்தான் வெட்டிக் கொடுத்தேன். மாற்று ஆள் வராமல் அவருக்கு இரண்டாவது ஷிப்டு. உடம்பு அனலாக இருந்தது. தூங்கிவிட்டாரா, கண்ணாடியைப் பார்க்க மறந்தாரா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மணி அடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

திட்டி எழுது, பரவாயில்லை.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பதினைந்து வருஷமாக வதந்திகளைப் படிக்கிறேன். கூடப் பிறந்தவள் குரலை அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டே அவளிடம் ஜாக்கிரதையாக இரு என்று அவளுக்கே எழுதியிருக்கிறேன்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். புத்தகம் அது இல்லாமலே வரும். உன்னைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இருக்காது.

நீ இதை யாரிடமும் சொல்லாதே. மேனேஜர் வீட்டிலும் சொல்லாதே, விசாரணை அலுவலகப் பக்கமே போகாதே. இப்போது அது அவர்கள் கதை. அதில் கை வைத்தால் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். நீ சொல்வதால் அந்த மனிதர் வெளியே வரவும் மாட்டார். லாரிக்காரரிடம் பேசிவிட்டேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி உன்னைக் கூட்டி வருகிறேன் என்கிறார். ஒரு பை மட்டும் எடுத்துக்கொள். என்னோடு வந்து இரு. என் ஒரே அக்கா நீ.

உன் தம்பி


செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

லாரிக்காரர் ஒன்றாம் தேதி வந்தார். நான் வரவில்லை என்றதும் கோபித்துக்கொண்டார். "உங்களுக்காக சீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. உன் மேலும் தப்பில்லை. நீ எழுதியதெல்லாம் நடந்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவைகூட இல்லையா?"

"அன்னைக்கு இல்லைங்க. போன வருஷ ஆரம்பத்துல ஒரு தடவை, மணியைச் சரி பண்ணச் சொல்லி."

"அதுக்கு இவர் என்ன சொன்னார்?"

"வர்ற மாசம் பார்க்கலாம்னு."

"சொல்லியிருப்பார். எங்க வீட்டுக் குழாய் ஒழுகறதுக்கும் அதையேதான் சொல்வார்." அப்புறம் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். சமைத்து, பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே ஜெயிலுக்குக் கிளம்பிவிட்டார். ரெண்டு மாசம் அந்த மனிதர் ஜெயில் சோறு மட்டும் சாப்பிட்டிருக்கிறார். அது என் வாயால்.

மறுநாள் விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். பெரிய மேசை, மேலே விசிறி, ஒரு அதிகாரி, எழுத ஒரு ஆள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அம்மா, மூணு தடவைன்னு ரேடியோவே சொல்லிடுச்சு. நீங்க யாரு அதை மாத்தறதுக்கு?" என்றார் அதிகாரி.

"ரேடியோவுக்கு அது கிடைச்சதே என் வாயிலிருந்துதாங்க."

"துக்கத்துல இருக்கீங்க. போய் ரெஸ்ட் எடுங்க."

"துக்கத்துலதாங்க அப்போ பொய் சொன்னேன். இப்போ தெளிவா இருக்கேன்."

"உங்க வீட்டுக்காரர் படம் வாசல்ல இருக்கில்ல? அது அங்கேயே இருக்க வேணாமா?"

"எடுத்துக்குங்க" என்றேன். துரோகி என்று சொன்னபோது அவரை ஒரு தடவை பறிகொடுத்தேன். மணியில் துணி வைத்தவர் என்று நானே சொல்லி இன்னொரு தடவை. ஆனால் அவர் துணி வைத்தவர்தான். அவரை நான் அப்படியே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், படத்தில் இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் படத்தைக் கழற்றினார்கள். அதே நோட்டீஸ்காரர் வந்தார், இந்த முறை கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு நாள் கெடு. பெட்டியோடு சலவைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் வீட்டம்மா வந்தார். "நான் உங்களை மன்னிக்கலை. பின்பக்கம் ஒரு ரூம் காலியா இருக்கு" என்றார். இப்போது அங்கேதான் இருக்கிறேன். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. குழாய் நிஜமாகவே ஒழுகுகிறது.

மாவு வரிசையிலும் சொன்னேன். தொடங்கிய இடத்தில் சொன்னால்தானே சரி. வெண்கலத் தொண்டையிடம், "நான் சொன்னது பொய், மூணு தடவை போன் பண்ணலை" என்றேன். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "அக்கா, யாரு உங்களை மிரட்டறாங்க?" நாலு நாளில் கதை வந்துவிட்டது. மேனேஜர் பெண்டாட்டி வீடு கொடுத்து என்னை வாங்கிவிட்டாளாம். விலைக்கு வாங்கப்பட்டவர் என்பார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அதில் ஒரு எழுத்து தப்பவில்லை. உன் படிப்பு வீண் இல்லை.

தீர்ப்பு அக்டோபர் பத்தாம் தேதி. புது வக்கீல் ஒருவர் கிடைத்திருக்கிறார், சின்னப் பெண், பயந்துகொண்டேதான் வருகிறாள். அவள் சொல்கிறாள், உள்ளே நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அதனால் நான் சொல்லவே இல்லை என்று ஆகிவிடுமாம். வெளியே எங்கேயாவது அச்சில் வந்துவிட்டால், வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், தூக்கு என்று எழுத யோசிப்பார்கள் என்கிறாள். உறுதி இல்லையாம். யோசித்தாலே போதும் என்கிறாள்.

அதனால் அந்த அத்தியாயத்தை எடுக்காதே. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ அதை எடுத்தால், நான் சொன்ன பொய் மட்டும் நிற்கும், சொன்ன உண்மைக்குத் தடயமே இருக்காது. இங்கே எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும். நீ மறைத்து யாரிடமிருந்து மறைக்கப் போகிறாய்? உன் பெயருக்குக் கொஞ்சம் இழுக்குதான். மூன்று ஊர்களில் பேசியதைத் திருத்த வேண்டியிருக்கும். நான் வரிசையில் திருத்தியதை விட அது சுலபம்.

நான் கைப்பட எழுதியது இதோடு இருக்கிறது, நாலு பக்கம். மணி, துணி, வர்ற மாசம் எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் போடு.

அலுவலகம் கட்டிய கதை என்று நீ எழுதிய இடத்தை அடித்துவிட்டு இப்படி எழுது. மாவு வரிசை, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். சொன்னது பாய்லர்காரர் மனைவி. அவளுக்குச் சொன்னது யாரும் இல்லை. அவளைச் சொல்லச் சொன்னதும் யாரும் இல்லை.

இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். குளிர் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ.

அக்கா